வளைநிப்பின் மைத்தாவல்: பாயிரம், பரபக்கம், சுபக்கம், புறனடை

பாயிரம்

எழுதிக்கொண்டே போகும் பேனா ஓரிடத்தில் மை விடாமல் தாளை வெறுமனே தடவிச் சென்று, அடுத்த எழுத்தில் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் மை விடுமாயின், அச்செயல் மைத்தாவல் எனப்படும். இதனை ‘மக்கர் பண்ணுது’ என்பாரும், ‘விட்டு விட்டு எழுதுது’ என்பாரும், ‘எழுத எழுதச் சரியாயிடும் சார்’ என்பாரும் என முத்திறத்தார் உளர். மூன்றாம் திறத்தார் பேனாக் கடைக்காரர். அவர் கூற்று நோயின் பெயராகாது. விற்ற பொருள் திரும்பி வராமைக்கான காப்பு. ஆதலின் அது இவ்வாய்வில் தரவாகக் கொள்ளப்படவில்லை.

எல்லாப் பேனாவும் ஒருநாள் தாவும். எனினும் எல்லாத் தாவலும் ஆய்வுக்குரியதாகாது. சாதாரண நிப்பு, எவ்வளவு அழுத்தினாலும் ஒரே பருமனில் எழுதிவிட்டுப் போகும். அது எழுதவில்லை என்றால் மை தீர்ந்திருக்கும், அல்லது காய்ந்திருக்கும். முன்னதற்கு மைப்புட்டியும் பின்னதற்குக் குழாயடியும் போதும்; முனைவர் பட்டம் தேவையில்லை. வளைநிப்பின் சங்கதி வேறு. கீழ்நோக்கி இழுக்கையில் சற்றே அழுத்தினால் அதன் இரு கிளைகளும் அகன்று கோடு தடிக்கும். அழுத்தத்தை எடுத்தால் கிளைகள் கூடிக் கோடு மயிரிழையாகும். கோகோ-கோலாவின் பெயர் எந்தச் சாயலில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தச் சாயலுக்குரிய நிப்பு இது. இதை வாங்கியவர் யாரும் எழுத வேண்டிய தேவைக்காக வாங்கியதில்லை. ஆசைக்காக வாங்கிய பொருள் கெடும்போதுதான் மனிதன் ஆராய்ச்சியில் இறங்குகிறான்.

ஆய்வின் எல்லை வருமாறு: பால்பாயிண்ட் பேனா இதில் இடம்பெறாது. அதற்கு ஆன்மா இல்லை என்பது காரணமன்று. ‘ஒரு கையெழுத்துக்குக் குடுங்க சார்’ என்று வாங்கிச் செல்வோரால் அது இவ்வாய்வாளரிடம் ஆய்வு முடியும்வரை நிற்பதில்லை. முதன்மைத் தரவுகள் வீட்டு மளிகைச் சீட்டு, பால் கணக்கு, குலதெய்வக் கோயில் கொடைக்கு வரி அனுப்பிய கடிதத்தின் நகல் ஆகியன. நெறியாளர் எவரும் இலர். நிதியுதவி கேட்கப்பட்டது, ‘முதல்ல கரண்ட் பில்லைக் கட்டுங்க’ என்பதே வந்த பதில்.

இனி முன்னோர் வரலாறு. இலண்டனில் ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தி யுனிவர்சல் பென்மேன்’ என்னும் கையெழுத்து நூல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டது. அந்தத் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோட்டின் மேல் ஐரோப்பா மையல் கொண்டது. முதலில் இறகைச் சீவி எழுதினார்கள். பிறகு பர்மிங்காமில் ஜோசப் கில்லட் போன்றோர் எஃகு முள்ளை இயந்திரத்தில் அடித்துக் குவித்தார்கள். அமெரிக்காவில் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் (1800–1864) தம் பெயராலேயே ஒரு கையெழுத்து மரபை நிறுவிவிட்டுப் போனார். இவர்கள் அனைவரும் தொட்டெழுதும் மரபினர் என்பது இவ்வாய்வுக்கு முதன்மையான செய்தி. மைக்கூட்டில் தோய்ப்பார்கள், சில சொற்கள் எழுதுவார்கள், மறுபடி தோய்ப்பார்கள். அவர்களுக்கு மைத்தாவல் ஒரு நோயாகத் தோன்றவில்லை. மை தீர்ந்தது, கையை நீட்டு என்று முள் சொல்லும் சேதி அது.

மைக்கூட்டைத் தூக்கிப் பேனாவின் வயிற்றுக்குள் வைத்த நாளில்தான் கேடு பிறந்தது. பாரிசில் படித்துக்கொண்டிருந்த பெட்ராக்கே போயனாரு என்ற ருமேனிய இளைஞர் 1827 மே 25இல் இதற்கொரு பிரெஞ்சுக் காப்புரிமை பெற்றார். அவரைத் தொடர்ந்து பலரும் வயிற்றில் மையை வைத்தார்கள். வைப்பது எளிது, வேண்டும்போது வேண்டும் அளவு வெளியே வரவழைப்பது அரிது. ஒன்று மொத்தமும் கொட்டியது, அல்லது சொட்டுக்கூட வரவில்லை. 1884 பிப்ரவரி 12இல் நியூயார்க்கின் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் பெற்ற காப்புரிமைதான் இதற்கு வழி கண்டது. நிப்பின் அடியில் கிடக்கும் நாக்கில் ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் நுண்ணிய கீறல்கள். மை கீறல் வழியே வெளியேறும். காற்று பள்ளத்தின் வழியே உள்ளேறும். அவர் காப்பீட்டு முகவர் என்றும், ஒப்பந்தத்தில் மை கொட்டி வாடிக்கையாளர் கைவிட்டுப் போனதால் வெகுண்டெழுந்து பேனாவைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை உண்டு. பிற்கால விளம்பரம் பெற்றெடுத்த கதை என்று பேனா வரலாற்றாளர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். கதைதான் பொய், மை கொட்டியது மெய்யாகவே இருக்கும். எல்லோருக்கும் கொட்டியது.

1920கள் வளைநிப்பின் பொற்காலம். 1927இல் வாட்டர்மேன் நிறுவனம் தன் ஏழாம் எண் பேனாவில் நிப்பின் குணத்துக்கு ஒரு வண்ணம் என்று அடையாளமிட்டு விற்றது. வளையும் மெல்லிய நிப்புக்கு இளஞ்சிவப்பு. இன்று ஏலத்தில் அந்த இளஞ்சிவப்பைக் கண்டால் அறிவுடையோரும் அறிவிழப்பர். பிறகு கார்பன் தாளில் படியெடுப்பதற்காக, அழுத்தினால் வளையாத நிப்பையே அலுவலகங்கள் கேட்டன. 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் பால்பாயிண்ட் பேனா 12.50 டாலருக்கு விற்பனைக்கு வர, வளைநிப்பு அருங்காட்சிப் பொருளாயிற்று. அண்மை ஆண்டுகளில் அது மீண்டும் உயிர்த்தெழுந்திருக்கிறது. நோயும் கூடவே எழுந்தது.

நூற்பாவும் உரையும்

அடைப்பும் இன்றி வறட்சியும் இன்றி
அழுத்துழிக் கிளைகள் அகன்றன வாகி
இருகோடு கிழித்து நடுவெளி காட்டின்
தண்ட வாளம் எனப்பெயர் பெறுமே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், மைத்தாவலுள் தலையாய வகையினை உணர்த்துதல் நுதலிற்று. ‘அடைப்பும் இன்றி’ என்றமையான், மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்து நாக்கில் மை கட்டிப்போன பேனா விலக்குண்டது. ‘வறட்சியும் இன்றி’ என்றமையான், மை தீர்ந்தமை அறியாது உதறுவார் விலக்குண்டார். ‘நடுவெளி காட்டின்’ என்றதனால், கோடே விழாமற் போவது இதன்பாற் படாது. அது வேறு நோய், பின்னர்க் கூறுதும். ‘பெறுமே’ என்புழி ஏகாரம் ஈற்றசை. தேற்றம் எனக் கொள்வாரும் உளர். அவர் இப்பேனாவை நெடுநாள் வைத்திருந்தவர்.

உரைக்கு மேல் விளக்கம் வேண்டுவோர்க்கு இயற்பியல் உண்டு. நிப்பின் பிளவு நுனிக்குப் போகப்போகக் குறுகும். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாக அது மையை இழுக்கும். ஆகவே மை தானாகவே நுனிக்கு வந்து காத்திருக்கும். அழுத்தும்போது கிளைகள் அகல்கின்றன. இடுக்கு வாய்க்கால் ஆகிவிடுகிறது, இழுவை சரிகிறது. இரு கிளைக்கும் நடுவே மை ஒரு மெல்லிய படலமாகத் தொங்கி நின்று தாளைத் தொடுகிறது. படலத்துக்குப் பின்னாலிருந்து மை வந்துகொண்டிருக்கும்வரை கோடு நிறைந்து விழும். வரத்து குறைந்தால் படலம் அறும். அறுந்த பிறகு ஒவ்வொரு கிளையும் தன் விளிம்பில் ஒட்டியிருக்கும் மையை வைத்துத் தனித்தனியே கோடு இழுக்கும். பார்ப்பவர்க்கு அரக்கோணம் சந்திப்பு மேலிருந்து தெரியும்.

கணக்கும் எளியதே. 0.4 மி.மீ. கோடு இழுக்கும் நிப்பு அழுத்தத்தில் 2 மி.மீ. கோடு இழுக்கிறது என்றால், அதே நீளத்துக்கு ஐந்து மடங்கு மை வேண்டும். அதுவும் அந்த நொடியிலேயே வேண்டும். சாதாரண நிப்புக்கென்று அளந்து செய்த நாக்கின் மேல் வளைநிப்பைச் செருகி விற்கும்போது, இந்த ஐந்து மடங்குக்கு யார் பொறுப்பு என்பதை யாரும் சொல்வதில்லை.

பரபக்கம்

பிறர் மதம் கூறி மறுப்பது ஈண்டுத் தொடங்கும்.

முதற்கண் நிப்புவாதி. கண்ணுக்குத் தெரிவது நிப்பு, மின்னுவது நிப்பு, எழுதுவதும் நிப்பு, ஆகவே எழுதாமைக்கும் அதுவே காரணம் என்பது இவர் துணிபு. காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்டமையின் இவரை உலகாயதருள் வைத்து எண்ணுக. இவர் கையில் எடுக்கும் முதற்கருவி பிளேடு. அதைப் பிளவுக்குள் நுழைத்து மேலும் கீழும் இழுத்தால் மை ‘இறங்கும்’ என்பது தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு. இறங்கவும் செய்யும், இல்லையென்றால் இவ்வளவு காலம் நிலைத்திராது. அடுத்த வாரம் ஏன் இன்னும் மோசமானது என்பதற்கு மட்டும் இவரிடம் விடையில்லை. பிளேடின் தடிப்பு நுனியையே அகற்றிவிடுகிறது. குறுகி முடிய வேண்டிய பிளவு விரிந்து முடிந்தால், மை நுனிக்கு வராமல் நடுவழியிலேயே நின்றுகொள்ளும். இரண்டாம் கருவி வகுப்பறைத் தரை. நிப்பின் நுனியில் இரிடியம் குடும்பத்துக் கடின உலோகத்தில் ஒரு சிறு மணி ஒட்டப்பட்டிருக்கும். வளைநிப்பில் அந்த மணி மிகச் சிறிது. தரையில் தேய்த்தால் மணி போய்விடும். அப்புறம் அது நிப்பாகாது, தகரம்.

இவர் சொல்வதில் சிறிது உண்மையும் உண்டு. பேனாவை ஊன்றியதும் முதல் இழுப்பில் மட்டும் மை வராமல், பிறகு தங்கு தடையின்றி எழுதுமானால், நுனியை அளவுக்கு மிஞ்சி மெருகேற்றிவிட்டார்கள் என்று பொருள். பிளவின் இருபுறமும் உள்விளிம்பு உருண்டுபோய், மை தாளுக்கு ஒரு முடி உயரத்தில் நின்றுவிடுகிறது. மேனாட்டுப் பேனா மருத்துவர் இந்நிலையைக் குழந்தையின் பின்புறத்துக்கு ஒப்பிடுவர். ஆய்வேடு என்பதால் மேலே விரிக்கவில்லை. மிக நுண்ணிய மெருகுத்தாளில், கை கனக்காமல் சில எட்டுகள் போட்டுப் பார்ப்பது இதற்கு மருந்து. கிளைகள் ஏறத்தாழ்ந்து நின்றால், பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்து விரலாலேயே நேராக்கலாம். பிளவு நெருக்கமாக இருந்தால் 0.05 மி.மீ. பித்தளைத் தகடு போதும். பிளேடு மூன்றுக்கும் ஆகாது. பிளேடுக்கு வேலை வேறிடத்தில் இருக்கிறது.

அடுத்து மைவாதி. மையை மாற்றினால் மோட்சம் என்பார் இவர். அறையின் வெப்பத்தில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் என்று தொடங்கி, பாத்திரம் தேய்க்கும் சோப்பில் ஊசிமுனை அளவு தொட்டு மையில் கலந்தால் இழுவிசை தளர்ந்து மை நன்றாக ஓடும் என்று முடிப்பார். ஓடும்; ஆனால் மயிரிழைக் கோடு போய்விடும். தாளில் எழுத்தின் ஓரமெல்லாம் வேர்விட்டுப் பரவும். தடித்த கோட்டைக் காப்பாற்றப் போய் மெலிந்த கோட்டைப் பறிகொடுத்தால் வளைநிப்பு எதற்கு? இவருள் ஒரு தீவிரக் கிளையினர், எழுத்துக் கலைஞர்கள் தொட்டெழுதும் இந்தியன் இங்கை ஊற்றுவார்கள். அதில் அரக்கு உண்டு. நாக்கில் காய்ந்தால் எந்தத் தண்ணீருக்கும் கரையாது. பேனாவை எரித்தோ புதைத்தோ விடலாம். நம் பாட்டன்மார் கடுக்காயையும் மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய மை கருகருவென்று காலத்துக்கும் நிற்கும். அது மைக்கூட்டுக்கு உரியது, பேனா வயிற்றுக்கு ஆகாது, உள்ளே படிந்துவிடும். இவர் மதத்தில் கொள்ளத்தக்க கூறு ஒன்றே: ஓடும் தன்மையுள்ள மையை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதை ஆராய்க.

தாள்வாதியை விரைந்து கடக்கலாம். வழவழப்பான தாளில் மை பிடிக்காது என்பது மெய். எழுதும்போது பக்கத்தின் மேற்பாதி ஒழுங்காகவும் கீழ்ப்பாதி விட்டு விட்டும் வந்தால், குற்றம் தாளுடையதாகாது. அதன்மேல் ஊன்றியிருக்கும் கையுடையது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் நாட்டில், யோசிக்கும்போது தலையைக் கோதும் பழக்கமுள்ளோர்க்கு இது கூடுதலாக வரும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்க. யோசிப்பதையும் குறைத்துக்கொள்ளலாம்.

கைவாதி, ‘நீ வேகமாக எழுதுகிறாய், அதிகம் அழுத்துகிறாய்’ என்று பழியை எழுதுபவன் மேல் போடுவார். விற்றவர்க்கு மிகவும் உகந்த மதம் இது. இதனை முற்றிலும் மறுக்க இயலாமைதான் இவ்வாய்வாளர்க்கு வருத்தம். நிப்பு விரியக்கூடிய எல்லை ஒன்று, மை தொடரக்கூடிய எல்லை மற்றொன்று; இரண்டாவது எப்போதும் முதலாவதற்கு உள்ளே இருக்கிறது. தொட்டெழுதும் மரபில் தடித்த இறக்கக் கோட்டை ஆற அமர இழுப்பார்கள். நாமோ பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போடும் வேகத்தில் இழுக்கிறோம்.

கடைசியாக உதறல்வாதி. இவருக்கு நூலும் இல்லை, உரையும் இல்லை. முன்பெஞ்சு மாணவன் சட்டையின் முதுகுதான் இவர் ஏடு. ஆயினும் ஐவருள் உண்மைக்கு மிக நெருங்கியவர் இவரே என்பது இவ்வாய்வின் எதிர்பாராத முடிபு. எப்படியெனில், உதறியதும் பேனா இரண்டு வரி நன்றாக எழுதுகிறது. நிப்பில் குறையிருந்தால் உதறலுக்கு அது சரியாகாது. மை கெட்டியென்றாலும் சரியாகாது. உதறல் செய்வது ஒன்றுதான்: வயிற்றில் இருக்கும் மையை நாக்குக்குத் தள்ளுகிறது. ஆகவே குறை மையின் வரத்தில் உள்ளது. இதை அவர் அறியார். உதறிக்கொண்டே வாழ்நாளைக் கழித்துவிட்டார்.

சுபக்கம்

நம் மதம் இது: வளைநிப்பின் தாவலுக்குப் பெரும்பாலும் நிப்பு காரணமன்று. நாக்கே காரணம். நாக்கு மை கொடுக்கவில்லை. கொடுக்காமைக்கும், பல நேரம், உள்ளே காற்று போகாமையே காரணம்.

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் கொஞ்சம் வந்து நின்றுவிடும். எதிரே இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஒழுகும். பேனாவும் அப்படியே. ஒரு துளி மை வெளியே வந்தால் அந்த இடத்துக்கு ஒரு குமிழ் காற்று உள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் வழி நாக்கிலேயே இருக்கிறது. சாதாரண எழுத்துக்கு இந்தப் போக்குவரத்து தாராளம். ஐந்து மடங்கு கேட்கும் நிப்பு மேலே உட்கார்ந்தால், நாக்கின் செதில்களில் தேங்கியிருக்கும் மை முதல் சில வரியில் தீர்ந்துவிடும். வயிற்றிலிருந்து புதிதாக வருவதற்குள் நிப்பு தண்டவாளம் போடத் தொடங்கிவிடும்.

இதை மெய்ப்பிக்கும் சோதனைக்குச் செலவில்லை. தாவத் தொடங்கியதும் பேனாவைத் திறந்து, உள்ளே மை நிரப்பியிருக்கும் குழலான கன்வர்ட்டரின் திருகை அரைச் சுற்று திருகி நாக்கு ஈரமாகும்வரை மையைத் தள்ளுக. பேனா மறுபடி நன்றாக எழுதி, சில வரியில் மறுபடி தாவினால், வழக்கு முடிந்தது. சில சமயம் கன்வர்ட்டருக்குள்ளேயே மை பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, நாக்குப் பக்கம் காற்று மட்டும் நிற்கும். இறக்கிவிடத் தட்டினால் போதும்.

இவ்விடத்தில் வாய்மொழித் தரவு ஒன்று. பாரிமுனைப் பக்கம் பேனா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் ஆய்வுப் பொருள் கொண்டுசெல்லப்பட்டது.

“நிப்ப ஏன் சார் தேய்ச்சிக்கிட்டே இருக்கீங்க? அது என்ன பண்ணும் பாவம். நாக்கு குடுத்தாத்தான அது எழுதும்?”

“நாக்கையும் கழுவிட்டேன் ஐயா. சுத்தமாத்தான் இருக்கு.”

“சுத்தமா இருந்து என்ன பிரயோஜனம்? வெளிச்சத்துல புடிச்சிப் பாருங்க. நிப்புக்கும் நாக்குக்கும் நடுவுல நூல் போவுது.”

நூலாசிரியர் பலர் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லியதைப் பெரியவர் ஒரு வரியில் சொல்லி முடித்தார், கட்டணமும் வாங்கவில்லை. நாக்கு நிப்பின் வயிற்றை ஒட்டிக் கிடக்க வேண்டும். நடுவே இடைவெளி விழுந்தால் மைச் சங்கிலி அங்கே அறுகிறது. வளைநிப்பில் இது இன்னும் கொடிது: அழுத்தும்போது நிப்பு மேலே எழும்பி, நாக்கை விட்டு விலகிப்போகிறது.

தீர்வு நாக்கு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. எபனைட் நாக்கு என்றால் நல்ல காலம். எபனைட் என்பது ரப்பரோடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இறுக்கிய பொருள். நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றது. நம்மூர்க்காரர்களுக்கு இது அன்னியமானதன்று. திருவள்ளூரில் இன்றும் எபனைட் தண்டைக் கடைசல் பிடித்துப் பேனா செய்கிறார்கள், அவற்றை வாங்க உலகமெங்குமிருந்து ஆள் வருகிறது. இதில் இரண்டு நற்குணம். பிளாஸ்டிக்கை விட இதன்மேல் மை நன்றாகப் படரும். சூட்டில் இளகி, ஆறினால் அந்த வடிவிலேயே நிற்கும். கொதித்து இறக்கிய வெந்நீரில் நிப்பும் நாக்கும் இருக்கும் முனையை மட்டும் அரை நிமிடம் போலப் பிடித்து, வெளியே எடுத்துக் கட்டைவிரலால் நாக்கை நிப்போடு சேர்த்து அழுத்தி, குளிர்ந்த நீரில் காட்டினால் இடைவெளி மூடிக்கொள்ளும். கழுத்தோ உடலோ எபனைட்டாக இருந்தால் அதை வெந்நீரில் விடாதீர்கள். கரிய பேனா பாசி படிந்த பச்சைப்பழுப்பாகி வெளியே வரும்.

மேலே பிளேடுக்கு வேறிடத்தில் வேலை உண்டு என்றோம். அது இங்கே. எபனைட் நாக்கின் நடுப்பள்ளத்தைக் கூர்மையான பிளேடால் ஒரு இழுப்பு, ஒன்றே ஒன்று, ஆழப்படுத்தினால் வரத்து கூடும். பிறகு எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இழுப்பு. ஆசைப்பட்டு அகலமாக வெட்டினால் மை எழுத்தோடு நில்லாது, சட்டைப்பையிலும் எழுதும். பிளாஸ்டிக் நாக்குக்கு வெந்நீர் வைத்தியம் வேண்டாம். நிப்பை நாக்கின் மேல் இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதே அதற்குள்ள வழி. புதுப் பேனா என்றால் இவை எல்லாவற்றுக்கும் முன், கடைந்தபோது பட்ட எண்ணெய் போக ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசுக. சென்னையின் போர்த் தண்ணீரில் அலசினால் ஒன்று போய் உப்பு ஒன்று வரும். வடிகட்டிய நீர் கொள்க.

கன்வர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய முறையில் ஃபில்லரால் பேனாவின் வயிறு நிறைய மை ஊற்றினால் வரத்து தாராளமாகும் என்பாரும் உளர். உண்மை. ஆனால் மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும், கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, நினையாத நேரத்தில் பேனா ஏப்பம் விடும். நம்மூர்ப் பள்ளிகளில் மூன்றாம் பாடவேளைக்குப் பிறகு விரல்கள் நீலமாக இருந்ததற்கு இதுவே காரணம்.

தமிழ் எழுத்தும் வளைநிப்பும்

இந்நிப்பு ஆங்கிலச் சாய்வெழுத்துக்காகப் பிறந்தது. நம் எழுத்தில் இது என்ன செய்யும் என்று ஆராய்ந்தார் இலர். அக்குறை இங்கே நீங்குகிறது. ‘ப’ எழுதினால் இறங்கும் இடக்கால் தடித்தும், ஏறும் வலக்கால் மெலிந்தும் வரும், நடுவே தரை. ‘ட’வில் நெட்டுக்கோடு தடிக்கும், கிடைக்கோடு மெலியும். ‘ர’வுக்கு இரண்டு காலும் இறக்கமாதலின் இரண்டும் தடிக்கும், அடியில் இடப்பக்கம் இழுக்கும் சிறு வாலில் பேனா தடுமாறும். ‘ழ’வும் ‘ஞ’வும் நிப்பைத் தலைகீழாகத் தள்ளச் சொல்லும் எழுத்துகள், தள்ளினால் கூர்முனை தாளில் குத்தி நாரைப் பிடுங்கிப் பிளவுக்குள் வைத்துக்கொள்ளும். மைத்தாவலுக்கு இது இன்னொரு காரணம், ஆங்கில நூல்களில் இவ்வளவு அழுத்திச் சொல்லப்படாதது.

கடையில் பேனா வாங்கும்போது நாம் முதலில் போட்டுப் பார்ப்பது பிள்ளையார் சுழி. சோதனை முறை என்ற நோக்கில் இது பெருங்குறையுடையது. அதில் நீண்டு அழுத்தி இறங்கும் கோடு இல்லை. ஒரு சிறு சுழிப்பும் ஒரு படுக்கைக் கோடும்தான். அது நாக்கின் சேமிப்பைத் தொடக்கூட மாட்டாது. எனவே எந்த வளைநிப்பும் கடையில் தேறிவிடும். ‘ரா’வை ஒரு வரி நிறைய அழுத்தி எழுதிப் பார்க்க வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. கடைக்காரர் முகம் மாறும்; அதுவும் ஒரு தரவு.

ஓலைச்சுவடிக் காலத்தில் இந்நோய் இல்லை. எழுத்தாணி கீறும், கரியும் இலைச்சாறும் பிறகே பூசப்படும். மை ஓடவே வேண்டாத எழுத்தில் மை எப்படித் தாவும்? ஆனால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள். படிப்பவர் மெய்யா உயிர்மெய்யா என்று இடம் நோக்கி ஊகித்துக்கொண்டார். இவ்வாய்வாளரின் மளிகைச் சீட்டை எங்கள் தெரு அண்ணாச்சி அந்த மரபிலேயே படிக்கிறார். புள்ளி தாவினாலும் பொறுத்துக்கொள்வார். ‘கால் கிலோ கடுகு’ என்பதில் துணைக்கால் தாவியபோதுதான் தலை தூக்கிப் பார்த்தார்: “கல் கிலோவா? கல்லெல்லாம் நம்ம கடைல தனியா விக்கிறதில்ல சார்.”

சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும் என்று நினைப்போர் மிகுதி. ஒரு காலத்தில் அவ்வூர் பேனா நிப்புக்கும் பேர் போனது. பட்டறைகளில் அடித்த நிப்பு பொட்டலம் பொட்டலமாக ஊர் ஊருக்குப் போயிற்று. பால்பாயிண்ட் வந்து அத்தொழிலை ஒடுக்கியது. அந்த மலிவு நிப்பு கெட்டால் புதிது வாங்கிச் செருகினோம், ஆராயவில்லை. பேனாவை விட நிப்பு விலை கூடிய பிறகே உலகில் மைத்தாவல் இயல் என்று ஒன்று தோன்றியிருக்கிறது என்க.

புறனடை

மேற்கூறியவற்றுள் அடங்காதன சில. இரவு மூடி வைத்துக் காலையில் எழுதாவிட்டால் மூடியில் காற்று புகுகிறது; நாக்கைக் குறை சொல்லாதீர்கள். அழுத்தியபின் கிளைகள் மீண்டும் கூடாமல் அகன்றே நின்றால் நிப்பு தன் மீள்திறனைக் கடந்துவிட்டது. அதற்கு இந்நூலில் மருந்தில்லை, நிப்பு மருத்துவரிடம் மட்டுமே உண்டு. எதைச் செய்தாலும் ஒருமுறைக்கு ஒன்றே செய்க. மையையும் தாளையும் நாக்கையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு, எது குணப்படுத்தியது என்று கேட்டால் கோடாங்கியிடம்தான் போக வேண்டும். வளைநிப்புப் பேனாவை இரவல் தரற்க. வாங்கியவர் பால்பாயிண்ட் பிடிப்பதுபோல் பிடித்து மூன்று பிரதிக்கு அழுத்துவார்.

எல்லாம் செய்தும் தாவுமாயின், மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மைப்புட்டியைத் திறந்து, நிப்பை அதில் தோய்த்து எழுதலாம். நாக்கின் அடிப்பாகமும் நனையும்படி தோய்த்தால் ஒரு பத்தி வரும். தீர்ந்ததும் மறுபடி தோய்க்க வேண்டும். இதற்குக் கில்லட் காலத்து எஃகு முள் போதுமே என்று வீட்டில் கேட்பார்கள். அக்கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.